கல்லீரலில் பல கட்டிகள், ஏஎஃப்பி சரியாக இருக்கிறது, தட்டணு இறங்குகிறது: எந்த வரிசையில் போவது?

சிப்புட்_மருந்தகம்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களிடம் அல்ட்ராசவுண்ட் அறிக்கை ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. அடுத்து எந்தப் படி என்பதில்தான் குடும்பங்கள் வாரக்கணக்கில் நின்றுவிடுகின்றன. அதைப் பேச ஒரு மாதிரி நோயாளியை வைக்கிறேன். உண்மையான ஆள் இல்லை, எண்கள் எல்லாம் விவாதத்துக்காக அமைத்தவை.

80 வயது ஆண். 14 வயதில் மருந்தடிக்கும் கும்பலில் சேர்ந்தவர், பிறகு பால்மரம், கடைசியில் செம்பனை. 15 ஆண்டாக நீரிழிவு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே கனம், 6 கிலோ இளைப்பு, மாலையில் லேசான காய்ச்சல். ஹீமோகுளோபின் 9.4. ரத்தம் உறைய உதவும் தட்டணு 88,000, மூன்று மாதத்துக்கு முன்பு 1,65,000. கல்லீரல் சோதனைகளில் பிலிருபின் 34, ஏஎல்பி 290, ஏஎல்டி 46. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. கல்லீரல் புற்றைத் தேடும் ரத்தச் சோதனையான ஏஎஃப்பி 3, சரியான அளவு. அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் இரு மடல்களிலும் பல கட்டிகள், பெரியது 6 செ.மீ., மண்ணீரலிலும் இரண்டு. அறிக்கையின் கடைசி வரி: ஹீமாஞ்சியோமாவாக இருக்கலாம், சீழ்க்கட்டி, வேறிடத்திலிருந்து பரவிய புற்று ஆகியவற்றையும் கருதவும்.

ஹீமாஞ்சியோமா என்ற தீங்கில்லாத ரத்தநாளக் கட்டி என்றால் சும்மா விடலாம், சீழ் என்றால் ஊசி போட்டு இறக்கலாம், புற்று என்றால் வேறு பாதை. மூன்றும் ஒரே வரியில் இருந்தால் எதை முதலில் செய்வது?

ஸ்கேன்_அறை:

அல்ட்ராசவுண்டை மறுபடி எடுப்பதில் பயனில்லை. கட்டி இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை, அது முடிந்துவிட்டது. அடுத்தது கான்ட்ராஸ்ட் (ரத்தநாளங்களைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டும் மருந்து) போட்ட சி.டி. ஸ்கேன். கோரிக்கைத் தாளில் "வயிறு சி.டி." என்று மட்டும் எழுதினால் பல நேரங்களில் போர்ட்டல் கட்டம் (மருந்து குடலிலிருந்து வரும் போர்ட்டல் நாளம் வழியே கல்லீரலை நிரப்பும் நேரத்துப் படம்) ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். கல்லீரல் கட்டிக்கு அது போதாது. "கல்லீரல், பல கட்டம்" என்று எழுத வேண்டும்: கான்ட்ராஸ்டுக்கு முன் ஒரு படம், பிந்திய தமனிக் கட்டம் சுமார் 35 முதல் 40 வினாடியில், போர்ட்டல் கட்டம் சுமார் 70 வினாடியில், தாமதக் கட்டம் 3 முதல் 5 நிமிடத்தில். கூடவே நெஞ்சையும் சேர்த்து எடுத்துவிட்டால் இன்னொரு பயணம் மிச்சம்.

முதியவர்களுக்கு இதில் சறுக்குவது ஊசியில்தான். தமனிக் கட்டம் தெளிவாக வர மருந்து வினாடிக்கு 3 முதல் 5 மில்லி வேகத்தில் போக வேண்டும். புறங்கையில் 22 கேஜ் நீல ஊசியோடு அனுப்பினால் அந்த வேகம் பெரும்பாலும் கிடைக்காது, நாளமும் வெடிக்கலாம். முழங்கை மடிப்பில் 20 கேஜ், முடிந்தால் 18. மருந்தின் அளவு உடல் எடை கிலோவுக்கு ஏறக்குறைய 1.5 முதல் 2 மில்லி.

மெட்ஃபார்மின் விஷயம்: சிறுநீரக வடிகட்டும் அளவான ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருந்தால் அல்லது சிறுநீரகம் திடீரென மோசமாகியிருந்தால் ஸ்கேன் நாளில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துத்தான் தொடங்குவது. ஆகவே கிரியேட்டினின் முடிவு இல்லாமல் ஸ்கேன் நாளுக்குப் போகக் கூடாது. ஈப்போ வரை போய் இந்த ஒரு தாள் இல்லாததால் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

தோட்டத்து_டிரஸ்ஸர்:

மருந்தகத் தம்பி, சீழ் என்ற சொல்லை அவ்வளவு லேசாகக் கடந்து போகாதீங்க. நீரிழிவு, மண்ணிலும் சேற்றிலும் வேலை, காய்ச்சல், கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டி. நம் நாட்டில் இந்த நாலும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸ் என்று முதலில் நினைக்கணும். மண்ணில் வாழும் கிருமி அது. சில சமயம் ஒரு கட்டிக்குள்ளேயே தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகளாகத் தெரியும்.

அதனால் ஆண்டிபயாட்டிக் தொடங்கும் முன்னே கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் இரண்டு ஜோடி, கூடவே சிறுநீரும் தொண்டைச் சளியும். ஆய்வுக்கூடத் தாளில் "மெலியோய்டோசிஸ் சந்தேகம்" என்று எழுதியே ஆகணும். எழுதாவிட்டால் இந்தக் கிருமியை வளர்க்கும் ஆஷ்டவுன் ஊடகத்தில் போட மாட்டாங்க, கிருமி முளைத்தாலும் ஏதோ அசுத்தம் கலந்தது என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. மெதுவாக முளைக்கும் கிருமி. இரண்டாம் நாளே "வளர்ச்சி இல்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீங்க, ஒரு வாரம் வரை வைக்கச் சொல்லுங்க.

கல்லீரல்_வார்டு:

டிரஸ்ஸர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் இந்த எண்களில் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. சீழ்க்கட்டி உள்ளவருக்குத் தட்டணு பெரும்பாலும் ஏறும், நோய் ரத்தத்தில் பரவி உடல் தளர்ந்தால்தான் இறங்கும். இவர் நடமாடுகிறார், மாலைக் காய்ச்சல் மட்டும்தான், ஆனால் தட்டணு மூன்று மாதத்தில் பாதியாகிவிட்டது. கட்டியே தட்டணுவைத் தின்கிறதா என்று கேட்க வேண்டிய இடம் இது.

கல்லீரல் ஆஞ்சியோசார்கோமா என்று ஒரு புற்று உண்டு. ரத்தநாளத்தின் உட்சுவர் அணுக்களிலிருந்து கிளம்புவது. கல்லீரலில் தோன்றும் புற்றுகளில் அதிகம் போனால் நூற்றுக்கு இரண்டு. பெரும்பாலும் 60, 70 வயதுகளில், பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதலாக வருகிறது. கல்லீரல் முழுக்கப் பல கட்டிகளாகத் தொடங்குவதும், மண்ணீரலிலும் தெரிவதும், கட்டிக்குள்ளேயே ரத்தம் உறைந்து உறைந்து தட்டணுவும், ரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபைப்ரினோஜனும் தீர்ந்துபோவதும் அதன் குணம். ஆகவே உடனே கேட்க வேண்டிய ரத்தச் சோதனைகள்: ரத்தம் உறைவதைப் பார்க்கும் பிடி, ஐஎன்ஆர், ஏபிடிடி, ஃபைப்ரினோஜன், டி-டைமர், ரத்தப் படலத்தில் உடைந்த சிவப்பணு உண்டா என்று. இந்த ஐந்தாறு சோதனைக்கு அதிகச் செலவில்லை. பின்னால் ஊசி போடுபவரின் கையைக் காப்பாற்றுவதும் இவைதான்.

ஏஎஃப்பி 3 என்பதை வைத்து "புற்று இல்லை" என்று யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஏஎஃப்பி கல்லீரல் அணுப் புற்றின் அடையாளம், அதிலும் எல்லாருக்கும் ஏறாது. ஆஞ்சியோசார்கோமாவில் ஏஎஃப்பியும், மற்றப் புற்று அடையாளங்களான சிஇஏ, சிஏ 19-9 என மூன்றும் வழக்கமாகச் சரியாகவே இருக்கும். மஞ்சள் காமாலை இருந்தால் சிஏ 19-9 தானாகவே கொஞ்சம் ஏறி வேறு திசைக்கு இழுக்கும்.

இப்போது "ஹீமாஞ்சியோமா" என்ற அந்த வார்த்தை. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். 80 வயதில் புதிதாகத் தெரியும், பலவாக இருக்கும், உடல் இளைக்கும், தட்டணு இறங்கும் ஒருவருக்கு அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டு "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று எழுதக் கூடாது. இந்தப் புற்றுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் ஆயுளே பெரும்பாலும் ஆறு மாத அளவுதான்.

ஸ்கேன்_அறை:

படத்தில் இரண்டையும் பிரிப்பது எப்படி என்று சொல்கிறேன். ஹீமாஞ்சியோமா எப்போதும் பெருந்தமனியைப் பார்த்து நடக்கும். தமனிக் கட்டத்தில் ஓரத்தில் விட்டு விட்டு முடிச்சு முடிச்சாக வெளிச்சம், அந்த வெளிச்சம் பெருந்தமனிக்குச் சமம். போகப் போக ஓரத்திலிருந்து நடுவுக்கு நிரம்பும், தாமதக் கட்டத்திலும் ரத்தநாளங்களோடு ஒத்தே இருக்கும்.

ஆஞ்சியோசார்கோமாவும் கட்டம் ஏற ஏற நிரம்பும், ஏமாற்றம் அங்கேதான். ஆனால் வெளிச்சப் புள்ளிகள் பெருந்தமனியைவிட மங்கலாக இருக்கும், நடுவில் தொடங்கும், வடிவம் கோணல்மாணலாக இருக்கும், ஒரே ஆளின் கட்டிகளிலேயே ஒன்று போல் இன்னொன்று இருக்காது. கான்ட்ராஸ்டுக்கு முந்திய படத்தில் கட்டிக்குள் வெண்மையாகத் தெரிந்தால் அண்மைய ரத்தக் கசிவு. அதனால்தான் அந்த முதல் படத்தைத் தவிர்க்கக் கூடாது என்றேன்.

சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ. அதில் டி2 என்ற வகைப் படத்தில் ஹீமாஞ்சியோமா விளக்குப் போட்டாற்போல் ஒரே சீராக வெளுக்கும். ஆஞ்சியோசார்கோமா அங்கங்கே வெளுத்து, நடுவில் கறுத்த தடுப்புகளோடு, சில இடங்களில் திரவம் மட்டம் தட்டி நிற்கும். நல்ல கல்லீரல் அணுக்கள் உறிஞ்சிக்கொள்ளும் ப்ரைமோவிஸ்ட் மருந்து கிலோவுக்கு 0.1 மில்லி போட்டு 20-ஆவது நிமிடத்தில் எடுக்கும் படத்தில் கல்லீரல் வெளுக்கும், கட்டி கறுப்பாகவே இருக்கும். ஆனால் ஹீமாஞ்சியோமாவும் அந்த நிமிடத்தில் கறுப்பாகத் தெரியும். அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள்.

லாலாங்_காடு:

ஐயா, ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. பாராகுவாட் களைக்கொல்லி வருவதற்கு முன்னால் ரப்பர்த் தோட்டங்களில் லாலாங் புல்லுக்கு அடித்த மருந்து சோடியம் ஆர்சனைட். அப்பட்டமான பாஷாணம். ஆர்சனிக்குக்கும் இந்தப் புற்றுக்கும் தொடர்பு உண்டென்று மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. 14 வயதில் மருந்தடித்தவருக்குச் சிறுநீரில் ஆர்சனிக் பார்த்தால் தெரிந்துவிடாதா? பாராகுவாட்டையும் சேர்த்துச் சொல்லலாமே?

கல்லீரல்_வார்டு:

கேள்வி மிகச் சரி, சோதனைதான் தவறு. சிறுநீர் ஆர்சனிக் கடந்த சில நாள்களில் உள்ளே போனதை மட்டும் காட்டும். அதற்கு முந்திய நாள் மீனோ இறாலோ சாப்பிட்டிருந்தால் எண் ஏறும், அது தீங்கற்ற வகை ஆர்சனிக். முடியும் நகமும் சில மாதக் கணக்கு. அறுபது ஆண்டுக்கு முந்திய வெளிப்பாட்டை எந்த ஆய்வுக்கூடமும் எண்ணாகத் தராது.

தோல் காட்டும். சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் சோளமணி போன்ற கடினத் திட்டுகள், முதுகிலும் மார்பிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கறுப்பும் வெளுப்பும் கலந்த புள்ளிகள், ஆறாத செதில் படைகள். இவை இருந்தால் எழுதிவைக்க வேண்டும். கையில் காய்ப்பு மட்டும் இருந்தால் அது பால்வெட்டுக் கத்தியின் காய்ப்பாகவும் இருக்கலாம், உள்ளங்காலையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தாளகம், மனோசிலை, பாஷாணம் சேர்ந்த நாட்டு மருந்து நீண்ட நாள் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். அதுவும் ஆர்சனிக்தான்.

பாராகுவாட்டை இதில் சேர்க்க வேண்டாம். அது நுரையீரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சு, 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனால் இந்தப் புற்றின் அறியப்பட்ட காரணங்களில் அது இல்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை வினைல் குளோரைடு வாயு, தோரோட்ராஸ்ட் என்ற பழைய எக்ஸ்ரே மருந்து, ஆர்சனிக், ஆண் ஹார்மோன் ஸ்டீராய்டு. வினைல் குளோரைடு தொடர்பு 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துப் பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடம் வெளிப்பட்டது. பிவிசி குழாய் பொருத்தியவர்கள் பயப்பட வேண்டாம், பேச்சு ஆலைக்குள் இருந்த வாயுவைப் பற்றியது.

இன்னொன்று. இந்தப் புற்று வந்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. ஆக, மருந்தடித்த வரலாறு சந்தேகத்தைக் கூட்டும், நோயை நிரூபிக்காது. வரலாறு இல்லை என்பதும் நோயை விலக்காது. திசு ஒன்றுதான் பேசும்.

சிப்புட்_மருந்தகம்:

கல்லீரல் புற்றுக்குப் பயாப்சி (ஊசியால் திசுத் துண்டு எடுப்பது) இல்லாமலே படத்தை வைத்து முடிவு செய்வார்களே, இவருக்கு ஏன் முடியாது?

கல்லீரல்_வார்டு:

அந்த விதி கல்லீரல் அணுப் புற்றுக்கு மட்டும், அதுவும் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு மட்டும். இவருக்கு இரண்டும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவரிடம் தமனிக் கட்டத்தில் வெளுத்துப் பிறகு மங்கினாலும் படத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்க முடியாது. 80 வயதில் குடலிலிருந்து பரவியதாகவும் இருக்கலாம், அதற்குச் சி.டி.யில் குடலையும் கணையத்தையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். தலைத்தோலில் ஊதா நிறத் தழும்பு போல் ஏதாவது உண்டா என்றும் முடியை விலக்கிப் பாருங்கள். ஆஞ்சியோசார்கோமா அங்கே தொடங்கிக் கல்லீரலுக்கு வருவதும் உண்டு.

ஊசிமுனை:

இந்த நோயாளிக்கு யாராவது "சீழ்தானே" என்று வார்டிலேயே ஊசி விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். ரத்தம் நிறைந்த கட்டி, உறையும் சக்தி குறைந்த ரத்தம். குத்திய ஓட்டை மூடாது. பல கட்ட சி.டி.யும் உறைதல் சோதனைகளும் வரும் முன் ஊசி வேண்டாம்.

பயாப்சிக்கு முன் தட்டணு 50,000க்கு மேல், ஐஎன்ஆர் 1.5 அளவுக்குள், ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் இருக்கும்படி பார்க்கிறோம். ஃபைப்ரினோஜன் குறைந்தால் அது நிறைந்த ரத்தப் பொருளான கிரையோ ஏற்ற வேண்டும், அதனால் ரத்த வங்கிக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளில் க்ளோபிடோக்ரெல் 5 நாள் முன், வார்ஃபரின் 5 நாள் முன் நிறுத்துவது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதயப் பிரிவில் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. மீன் எண்ணெய், ஜாமு என்ற மூலிகை மருந்து, பூண்டு மாத்திரை என்று வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள்.

வழி இரண்டு. தோல் வழியாகப் போனால் 17 கேஜ் உறை ஊசி, அதற்குள் 18 கேஜ் வெட்டும் ஊசி. கட்டியைத் தொடும் முன் நல்ல கல்லீரலைக் கொஞ்சம் கடந்து போக வேண்டும், நேராக மேற்பரப்புக் கட்டியில் குத்தினால் வயிற்றுக்குள் கசியும். உறை ஒருமுறைதான் நுழைகிறது, அதன் வழியே மூன்று நாலு துண்டு எடுத்து, வெளியே வரும்போது ரத்தத்தை நிறுத்தும் ஜெல்ஃபோம் கூழால் பாதையை அடைக்கிறார்கள். இரண்டாவது வழி கழுத்து நாளம் வழியாகக் கல்லீரல் நாளத்துக்குள் போய் உள்ளிருந்து எடுப்பது. கசிந்தாலும் நாளத்துக்குள்ளேயே கசியும். உறைதல் மோசமானவருக்கும் வயிற்றில் நீர் கட்டியவருக்கும் அது நல்லது. குறை என்னவென்றால் நாளத்தை ஒட்டிய இடம்தான் கிடைக்கும். நோய் கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தால் அகப்படும், தனிக் கட்டியாக இருந்தால் தவறிவிடும்.

முடிந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும், அடுத்த இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை. இப்படிப்பட்டவரை அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு ராத்திரி வைத்துக்கொள்வதே சரி.

திசுக்கண்ணாடி:

ஊசிமுனை அக்காவுக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் செத்துப்போன, ரத்தம் கட்டிய பகுதியிலிருந்து எடுக்காதீங்க, ஓரத்து உயிர்ப்பகுதி வேண்டும். நடுவிலிருந்து வந்தால் "ரத்தக்கட்டியும் அழுகலும்" என்று எழுதுவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை, பெரியவருக்கு மறுபடியும் ஊசி.

துண்டுகளைப் பஞ்சுத் துணியில் வைக்க வேண்டாம், காய்ந்துவிடும். உடனே 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், திசுவைப்போல் பத்து மடங்கு அளவில். ஒரு துண்டை மட்டும் ஃபார்மலினில் போடாமல் கிருமி நீக்கிய சலைனில் (உப்பு நீரில்) கல்ச்சருக்கு அனுப்புங்கள். டிரஸ்ஸர் ஐயா சொன்ன மெலியோய்டோசிஸுக்கும் காசநோய்க்கும் அதுதான் பதில். ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமி முளைக்காது, இந்த ஒரு தவறைத் திருத்த வழியே கிடையாது.

தாளில் "கல்லீரல் கட்டி" என்று மட்டும் எழுதினால் நாங்கள் வழக்கமான சாயங்களில் துண்டைத் தீர்த்துவிடுவோம். "ரத்தநாளக் கட்டி சந்தேகம், தட்டணு குறைவு" என்று எழுதினால் தொடக்கத்திலேயே துண்டுகளை இரண்டு மெழுகுக் கட்டையாகப் பிரித்து, ரத்தநாள அணுவைக் காட்டும் சிடி-31, ஈஆர்ஜி, சிடி-34 சாயங்களுக்குத் திசுவை மிச்சம் வைப்போம். சிடி-31 என்பது ஸ்கேன் இல்லை, நாளச் சுவரணுவின் அடையாளப் புரதம், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தவறும் இடங்கள் மூன்று எனக்குத் தெரிந்து. சிடி-34 கல்லீரல் அணுப் புற்றின் நடுவே ஓடும் சைனுசாய்டு எனும் நுண்ணிய ரத்தப் பாதைகளிலும் பிடிக்கும், அதை மட்டும் பார்த்து ஆஞ்சியோசார்கோமா என்று சொல்லக் கூடாது. கட்டி அணுவின் உட்கருவிலேயே ஈஆர்ஜி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஞ்சியோசார்கோமாவின் எபிதீலியாய்டு வகை கெரட்டின் சாயத்தையும் பிடித்துக்கொண்டு பித்தநாளப் புற்று போல் நடிக்கும். கல்லீரல் அணுக்களுக்கிடையே மெல்லப் பரவும் வகையோ வெறும் சைனுசாய்டு விரிவு போலவே தெரியும், உட்கரு கொஞ்சம் கறுத்துப் பெருத்திருப்பதுதான் ஒரே துப்பு. ஊசியால் உறிஞ்சி எடுக்கும் அணுச் சோதனை இந்த நோய்க்குப் பெரும்பாலும் போதாது.

கல்லீரல் அணுவின் அடையாளங்களான ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1 இரண்டும் பிடிக்காமல் இருக்க வேண்டும். காம்ட்டா-1 என்ற சாயம் பிடித்தால் அது எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா. அதுவும் அரிய புற்றுதான், ஆனால் பலருக்கு மெதுவாக நகரும், ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு. குடும்பத்துக்கு இந்த ஒரு சாயத்தின் விடை பெரிய வித்தியாசம்.

மங்கை_ஈப்போ:

முதுமை நோயாளிகளின் ஆதரவுப் பராமரிப்புப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. 80 வயது. நாளில் பாதி படுக்கையில் என்றால் பயாப்சி யாருக்காக?

கல்லீரல்_வார்டு:

மங்கை அக்கா, ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. மெலியோய்டோசிஸ் என்றால் முதலில் நாளம் வழி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை என்று குணப்படுத்தலாம். லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்று என்றாலும் நல்ல சிகிச்சை உண்டு. அந்த இரண்டுக்காகவே 80 வயதிலும் திசு எடுப்பது நியாயம், தாங்கும் உடலாக இருந்தால். ஆஞ்சியோசார்கோமா என்று உறுதியானால் ஒற்றைக் கட்டிக்கு அறுவை, பலவற்றுக்கு வாராந்தர பாக்ளிடாக்செல் போன்ற மருந்து. கல்லீரல் மாற்று இதற்குச் செய்வதில்லை, நோய் விரைவில் திரும்பிவிடும். பெரியவர் படுத்த படுக்கை, கல்லீரல் தளர்ந்துவிட்டது என்றால் ரத்தக் கல்ச்சர் மட்டும் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம் என்று அவரிடமே பேசி முடிவெடுக்கலாம். மகன்களிடம் மட்டும் பேசிவிட்டு வருவது முறையில்லை.

தோட்டத்து_டிரஸ்ஸர்:

காத்திருக்கும் நாள்களில் வீட்டார் கவனிக்க ஒன்று. இந்தக் கட்டி வெடிக்கலாம். திடீரென வயிற்று வலி, வயிறு இறுகி உப்புதல், வியர்த்துத் தலைசுற்றல், உதடு வெளுத்தல். வாயு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீங்க, 999. ஆம்புலன்ஸில் வருபவரிடம் "கல்லீரலில் கட்டி, தட்டணு குறைவு" என்ற இரண்டு வார்த்தை முதலில். ஆஸ்பத்திரியில் தமனியை அடைத்து ரத்தம் நிறுத்த முடியும், அதற்கு நேரம் வேண்டும். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள்.

சிப்புட்_மருந்தகம்:

கடைசியாக ஒன்று. ஈப்போவில் பயாப்சி முடிந்து, செலாயாங் மருத்துவமனையின் கல்லீரல் பித்தநாளப் பிரிவுக்கோ புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ அனுப்பினால், குடும்பம் கையில் எதைக் கொண்டுபோக வேண்டும்?

திசுக்கண்ணாடி:

அறிக்கைத் தாள் மட்டும் போதாது. மருத்துவர் கடிதத்தோடு ஆய்வுக்கூடத்தில் கேட்டால் சாயமிட்ட ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டையையும் கடனாகத் தருவார்கள், அல்லது ஆய்வுக்கூடத்திலிருந்து நேரே அனுப்புவார்கள். ஸ்லைடு பெட்டியைக் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் மெழுகு இளகிவிடும். சி.டி. படங்கள் முழுவதும் உள்ள வட்டு, அறிக்கை மட்டும் அல்ல. மூன்று மாதத்துத் தட்டணு எண்கள் தேதியோடு ஒரே தாளில். தோல் பரிசோதனைக் குறிப்பு, மருந்தடித்த ஆண்டுகள், தோட்டத்தின் பெயர்.